அண்ணன் ஜீப்



பொங்கலன்று நான் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி. "சார், ஜீப் எப்ப வாங்கினீங்க?" "சித்தப்பா, இது பெரியப்பா வண்டிதானே?" "ரிட்டயர் ஆனதும் வாத்தியாருக்கு வந்த ஆசையைப் பாருங்க." தனித்தனியாகப் பதில் அடித்துக் கை வலிக்கிறது. மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். நீளமான பதிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

வாங்கவில்லை. அது என் அண்ணன் ஓட்டிய வண்டி. மகிந்திரா எம்.எம். 540. 1989-ல் எடுத்தது. 2009-லிருந்து மதினி வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் நின்றது. அண்ணன் 2019-ல் காலமானார். அதற்கப்புறம் கோழிகள்தான் அதற்குச் சொந்தக்காரர்கள்.

வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. போடிநாயக்கனூருக்கு ஜீப் என்பது ஆடம்பர வண்டி அல்ல. விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டைக் கட்டி, கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். முந்தலைத் தாண்டினால் மலை. 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். தார் ரோடு முடிந்து தோட்டத்துக்குள் சேறும் கல்லுமாக ஒரு பாதை இருக்குமே, அங்கேதான் ஜீப்பின் வேலையே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்த வண்டியின் வம்சம் இது. 1947-லிருந்து மகிந்திரா நம் நாட்டில் பூட்ட ஆரம்பித்தார்கள். போருக்குச் செய்த வண்டி, எங்கள் ஊரில் ஏலக்காய் பறிக்கும் பெண்களைச் சுமந்தது.

அண்ணன் ஏற்றியதும் அளவுக்கு மீறிய ஆட்களைத்தான். செத்துப்போனார் என்பதற்காக அவரைப் புனிதர் ஆக்க மாட்டேன். பின்னால் தொங்கிக்கொண்டு வருவார்கள். நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். "ஒருத்திய இறக்கிவிட்டா அவளுக்கு அன்னைக்குக் கூலி போச்சுடா" என்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் வளைவில் கவிழ்ந்தால் அந்த நியாயமெல்லாம் உதவாது. கடவுள் புண்ணியத்தில் அவர் கையில் ஒன்றும் நடக்கவில்லை.

போன வருடம் மார்ச்சில் மதினி போன் செய்தார்கள். "தம்பி, பழைய இரும்புக்காரரு வந்துருக்காரு. முப்பத்தஞ்சாயிரம் தாரேங்கிறாரு. கொடுத்துரவா? உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்னுதான்."

டி.வி.எஸ்.-ஐ எடுத்துக்கொண்டு ஓடினேன். கேஸ் கட்டரால் நாலு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றுவதாகத் திட்டம். வண்டியைச் சுற்றி வந்தேன். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டேஷ்போர்டுக்குள் பாம்புச் சட்டை. தரைத்தகடு இருக்கவேண்டிய இடத்தில் தரையே தெரிந்தது. "வேண்டாம் மதினி, நானே சரி பண்ணி ஓட்டுறேன்" என்றேன். இரும்புக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மதினியும் பார்த்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு அவர்களிடம் நான் சொல்லவில்லை.

ஜீப்பை இழுத்துப் போனது ஒரு பழைய மாணவனின் பட்டறைக்கு. அவனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது, தாடி நரைத்துவிட்டது. அவன் இவன் என்று எழுதுவது உரிமையில்தான். எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையோடு நின்றுபோனவன். ஏன் நின்றான் என்று அவன் வீட்டுப் படியேறிக் கேட்டேனா என்றால், இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடித்ததோடு என் வேலை முடிந்துவிட்டது. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டவர் என் அண்ணன் என்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும். அவன் அம்மா அண்ணன் ஜீப்பில் தோட்டத்துக்குப் போனவர்.

முதல் நாளே எனக்குப் பாடம் கிடைத்தது. சும்மா நிற்கிறோமே, சக்கரத்தையாவது கழற்றுவோம் என்று இடது முன்சக்கரத்து நட்டில் ஸ்பேனரைப் போட்டு, ஏறி மிதித்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன். 'டக்'கென்று போல்ட் முறிந்தது. அவன் ஓடிவந்தான். "சார்! அது இடது மரை சார். நீங்க கழட்டல, இறுக்கிட்டு இருந்திருக்கீங்க." பழைய ஜீப்பில் இடதுபக்கச் சக்கரங்களின் நட்டு மட்டும் மரை தலைகீழாக இருக்குமாம். வண்டி முன்னால் ஓடும்போது அந்தப் பக்கம் சக்கரம் சுற்றும் திசையில் சாதாரண நட்டு தளர்ந்துவிடும் என்று பயந்து அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். போல்ட் தலையில் 'எல்' என்று பொறித்துமிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கேள்வித்தாளை முழுசாகப் படிக்காமல் எழுத ஆரம்பிக்காதே என்று முப்பத்து மூன்று வருடம் உங்களிடம் கத்தியவன் நான்.

"நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து பாருங்க சார், போதும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

எஞ்சினைத் திறந்த அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். எம்.எம். 540-ல் இருப்பது பெஜோ டீசல் எஞ்சின். எக்ஸ்.டி.பி. 4.90 என்பார்கள். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சி.சி. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடியில் சுடுமே, அதே கதை. ஆனால் வருடக்கணக்கில் நிறுத்திவைத்தால் ஈரம் உள்ளே போய், துருவேறி, பிஸ்டன் லைனரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சம்மட்டிதான்.

கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பார்த்தான். திரும்பவில்லை. நாசில்களைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டான். மூன்றாம் நாள் மதினியும் வந்திருந்தார்கள். ஸ்பேனரைப் போட்டான். ஒரு முனகல் சத்தம். அப்புறம் வெண்ணெய்போல் திரும்பியது. சந்தோஷப்படாமல் அவன் முகம் யோசனையாகிவிட்டது. ஹெட்டைத் தூக்கி, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"சார், 14 வருசம் நின்ன வண்டிக்கு இது நடக்காது. அடியில பழைய எண்ணெய் பிசின் மாதிரி படிஞ்சு கிடக்கு பாருங்க. யாரோ விடாம எண்ணெய் ஊத்தித் திருப்பிவிட்டிருக்காக."

மதினி சொன்னார்கள்: "உங்க அண்ணன்தான். அமாவாசைக்கு அமாவாசை சீயக்காப் போட்டுக் குளிச்சிட்டு, ஒரு கரண்டி எண்ணெய எடுத்துக்கிட்டுப் போவாக. அந்த வளஞ்ச ஸ்பேனர வச்சுத் திருப்புவாக. கிட்னி கெட்டு ஆசுபத்திரிக்கும் வீட்டுக்குமா அலஞ்சப்பவும் விடல. எதுக்கு இந்த வீண்வேலன்னு கேட்டா, என்னைக்காச்சும் ஓடும்டி, அன்னைக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்யம்பாக."

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருடம். நூற்றிருபதுக்கு மேல் அமாவாசை.

எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. காரணம், அந்த வண்டி ஏன் நின்றது என்று உங்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு ஒரு தோட்டத்து முதலாளியிடம் கிளீனராகப் போய், டிரைவரானார். 1978-லிருந்து 80 வரை நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது மாதம் 60 ரூபாய் மணியார்டர் வரும். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எனக்கு வேலை கிடைத்தது 1985-ல். அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான் அவர் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தார். அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாவற்றுக்கும் மதுரைதான். மதுரையிலிருந்து மாலையோடு ஓட்டிக்கொண்டு வந்து நேராக என் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். உங்களில் சிலர் அன்றைக்கு அதில் ஏறிக் குதித்தீர்கள்.

2009-ல் எஞ்சின் தேய்ந்துவிட்டது. புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை. பதிவைப் புதுப்பிக்கும் தவணையும் வந்தது. எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் தேவை. ஒரு கூட்டுறவு வங்கியில் கடன் தரத் தயார், ஆனால் அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணன் பாரத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக் கடனும் ஓடிக்கொண்டிருந்தது. "தவணை தவறினா என் சம்பளத்துல பிடிச்சிருவாங்கண்ணே. கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த டீயைக் குடித்தார். பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வரேன்டா" என்று போனார். அடுத்த வாரத்திலிருந்து ஐம்பத்து நாலு வயதில் இன்னொருவர் ஜீப்பைத் தினக்கூலிக்கு ஓட்டினார். கல்யாணம் முடிந்தது. நான் பார்க்கவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் மதினியிடம் போய் இதைச் சொன்னேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கை நிற்கவில்லை. "தெரியும் தம்பி. அன்னைக்கு ராத்திரியே சொன்னாக. பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கவன்கிட்ட நான் கேட்டதே தப்புன்னாக." கொஞ்சநேரம் கழித்து, "ஆனா ஒரு வருசம் உங்க தெரு வழியாப் போகல. சுத்தித்தான் போவாக" என்றார்கள்.

அதற்குமேல் நான் என்ன கேட்பது. கொஞ்சநேரம் உட்கார்ந்து புளி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். பிஸ்டன், ரிங், லைனர் செட், பேரிங் எல்லாம் புதுசு. ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து முகம் சமப்படுத்தினோம். டீசல் பம்பையும் நாசில்களையும் மதுரையில் கொடுத்தோம், இங்கே அந்த மெஷின் இல்லை. பட்டைகளை ஒரு கொல்லுப்பட்டறை ஆசாரி நெருப்பில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றிக் கொடுத்தார். எழுபது வயது மனிதர். பட்டையைக் கையில் வாங்கியதுமே, "இதுல நடுப்பட்டை ஒண்ணு நான் போட்டது. உங்க அண்ணன் சுமை ஏத்துறார்னு கூடுதலா வச்சேன். இப்பச் சுமை ஏத்த மாட்டீகல்ல? எடுத்துருவோம், இல்லேன்னா குலுக்கிக் கொன்னுரும்" என்றார். முப்பது வருடத்துக்கு முன் அடித்த இரும்பு அவருக்கு அடையாளம் தெரிகிறது. எனக்கு நேற்று வந்த மாணவன் பெயர் மறந்துபோகிறது.

பாதி வேலையில் ஒரு தடங்கல். நாலு சக்கர இழுவைக்கான பெட்டியில் ஒரு பல்சக்கரம் பல் உடைந்திருந்தது. புதுசு மூன்று மாதம் தேடியும் கிடைக்கவில்லை. அதற்குள் ஜூன் வந்து, சாரலும் ஆரம்பித்து, 12 வருடம் கழித்து எங்கள் ஊருக்கு மறுபடி ரயிலும் வந்துவிட்டது. ஊரே ஸ்டேஷனில். எங்கள் ஜீப் மட்டும் கல்மேல் நின்றது. இந்தக் குழுவில் என் புலம்பலைப் பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கும் 1996 செட் மாணவன் ஒருவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து, ஒரு சாக்கில் சுற்றி அதே ரயிலில் கொடுத்தனுப்பினான். தம்பி, பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாய், போடவில்லை. அந்தச் சாக்கின் எடை 9 கிலோ. உனக்குக் கணக்கில் நான் போட்ட 35 மார்க்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

டிங்கர் வேலை பாய் ஒருவருடையது. அழுகிய தகட்டையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு 16 கேஜ் தகட்டில் புதுத் தரை போட்டார். பெயிண்டைச் சுரண்டியபோது என்னைக் கூப்பிட்டார். "வாத்தியாரே, மூணு கலர் இருக்கு. மேல வெள்ள, அடியில நீலம், அதுக்கும் அடியில பச்ச. எது வேணும்?" நான் மதினியைக் கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், "பச்ச. வந்தப்ப பச்ச" என்றார்கள். பாய் மூன்று கடை ஏறி இறங்கி, சுரண்டிய துணுக்கை வைத்துக் கலர் கலந்தார். பட்டி பார்த்து உரசிய நாட்களில் நானும் உப்புத்தாள் தேய்த்தேன். அந்த வேலைக்கு மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது.

பேப்பர் வேலை என் பங்கு. உரிமையாளர் இறந்துவிட்டதால் வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. புதுப்பிக்கும் கட்டணம் அப்போது 5,000 ரூபாயாக இருந்தது. யார் பெயருக்கு மாற்றுவது என்று பேச்சு வந்தது. திருப்பூரில் இருக்கும் அண்ணன் மகன், "சித்தப்பா, நீங்கதானே செலவு பண்றீங்க, உங்க பேருக்கே மாத்திக்கிருங்க" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மதினி பெயரில்தான் இருக்கிறது. சேஸிஸ் நம்பரைத் துரு தேய்த்துக் கண்டுபிடித்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுக்கவேண்டும். காசை வைத்துத் தேய்த்துப் படம் எடுப்பீர்களே, அதே வேலை. அதில் நான் தேறினேன். ஒரே தடவையில் தெளிவாக வந்தது.

செலவு கேட்டவர்களுக்கு: மொத்தம் 2,85,000 ரூபாய். என் வீட்டம்மா முதலில் இரண்டு நாள் பேசவில்லை. ஜாமீன் கதையைச் சொன்ன பிறகு ஒன்றும் சொல்லவில்லை, தன் சேமிப்பிலிருந்து டயருக்குக் கொடுத்தாள்.

டிசம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணினோம். ஆசாரி, பாய், லேத்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். டீசல் குழாயில் ஏர் எடுத்து, ஹீட்டர் சாவியைப் பிடித்து முப்பது எண்ணச் சொன்னான். நான் சத்தமாக எண்ணினேன், பழக்கதோஷம். முதல் தடவை இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதில் ஒரு இருமல். நாலாவதில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. தெருநாய்கள் சிதறின. அந்தச் சத்தத்தை நான் மறந்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் கேட்ட அதே சத்தம். பட்டறைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாட்டுப் பொங்கலன்று மெட்டுக்குப் போனோம். அவன் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். பவர் ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்கலாம்போல் இருக்கிறது. ஆறாவது வளைவில் என் சட்டை நனைந்துவிட்டது. இந்த வளைவுகளை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இருபது வருடம்.

மதினியை முன்சீட்டில் உட்காரச் சொன்னோம். மாட்டேன் என்று பின்னால் ஏறி, டிரைவருக்கு முதுகுப்பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இங்கனதான் தம்பி பழக்கம்" என்றார்கள். அவர்களும் ஏலக்காய் பறிக்கப் போனவர்கள்தான். முன்சீட்டு கங்காணிக்கு. டிரைவர் பெண்டாட்டி என்று ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லையாம்.

மெட்டில் குளிர். டீ குடித்தோம். கீழே போடி ஊர் மொத்தமும் தெரிந்தது. மதினி ஜீப்பைச் சுற்றிவந்து, சீட்டுக்கு அடியில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

"தம்பி, அந்த வளஞ்ச ஸ்பேனரு எங்க?"

"பட்டறையில இருந்து எடுத்துட்டு வந்து என் மேசை டிராயர்ல வச்சிருக்கேன் மதினி."

"அது வண்டியிலதான் இருக்கணும்" என்றார்கள்.

மறுநாள் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். போடிப் பக்கம் வந்தால் மதினி வீட்டுக்கு வாருங்கள், ஞாயிறு காலை ஆறு மணிக்கு முந்தல் வரை ஒரு சுற்றுப் போவோம். பின்சீட்டில் ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டேன். இடதுபக்கச் சக்கரத்து நட்டை மட்டும் யாரும் தொடவேண்டாம்.